காலண்டருக்குள் இரண்டு வேப்பமரம்

ஜூலை 19, சனி

காற்று. ஆடி பிறந்து மூன்றே நாள், அதற்குள் வீடெல்லாம் புழுதி. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. தலையெல்லாம் மண்ணோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். லேசர் மெஷினுக்குள்ளும் தூசி என்று ஆபரேட்டர் காலையிலேயே புலம்பல்.

டீ நேரத்தில் அண்ணாச்சி கூப்பிட்டார். பிரஸ் முதலாளி. சிவகாசியில் பாதிப் பேருக்கு அவர் அண்ணாச்சி, எனக்கும். மேசைக் காலண்டருக்கு முதல் ஆர்டர் வந்துவிட்டதாம்.

குதித்திருக்க வேண்டும். போன தீபாவளியிலிருந்து இதற்காகத்தான் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கிடக்கிறேன். வெளிநாட்டுக்காரன் ஒருவன் செய்ததை அண்ணாச்சி போனில் பார்த்துவிட்டு, "நம்மளால முடியாதாம்மா?" என்று கேட்டதில் ஆரம்பித்தது. செங்கல் பருமனில் ஒரு தாள் கட்டு. தினம் ஒரு தேதியைக் கிழிக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் உள்ளே ஒரு துண்டை லேசரில் வெட்டிக் கீழ்த்தாளோடு ஒட்டி வைத்திருப்போம். தேதி இருக்கிற வெளிப்பக்கம் மட்டும் கையோடு வரும், உள்துண்டு நின்றுவிடும். வருடம் முடியும்போது கட்டெல்லாம் போய், மேசையில் காகிதச் சிற்பம் ஒன்று நிற்கும். தாமரை செய்து காட்டினேன். தேர் செய்தேன். பாலம் ஒன்று செய்து அது திரும்பத் திரும்ப இடிந்தது.

ஆர்டர் யாருடையது என்று ஃபைலைத் திருப்பிப் பார்த்தேன்.

பட்டாசுக் கம்பெனி. பெயரை இங்கே எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. "அங்க" என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கும்.

அவர்களுக்குத் தாமரை வேண்டாமாம். தேர் வேண்டாமாம். அவர்களுடைய ஃபேக்டரியே வேண்டுமாம். கேட், ஆபீஸ், பிள்ளையார் கோயில், தண்ணீர்த் தொட்டி, வேலை ரூம்கள், எல்லாம் காகிதத்தில்.

"ஆரம்பிச்சு அம்பது வருசமாம். டீலருக்கெல்லாம் குடுக்கப் போறாக. ஆடிப் பதினெட்டுக்கு மொத பிளாக் சாமி முன்னால இருக்கணும்மா." மேசையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "சங்கடமா இருந்தாச் சொல்லு, வேற ஆளப் பாத்துக்கிருவோம்."

வேறு ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து, "பெரிய இடம். பகைச்சுக்காதீக" என்று அப்பாவிடம் சொன்னவரும் இவர்தான்.

சரிங்க அண்ணாச்சி என்றேன். பல்லைக் கடித்ததில் தாடை இன்னும் வலிக்கிறது.

வாங்க: அக்காவுக்குக் களிம்பு, தேங்காயெண்ணெய். அப்பாவுக்கு டார்ச் செல். சீயக்காய்.

ஜூலை 20, ஞாயிறு

அக்காவுக்குத் தலை குளிப்பாட்டினேன். சீவும்போது வலிக்கிறது என்று ஒரு தரம் கூடச் சொல்ல மாட்டாள். நான் இழுத்துச் சீவினால் மட்டும், "என்ன, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுறியா" என்பாள்.

கோபமாக இருக்கும்போது நான் இழுத்துத்தான் சீவுகிறேன். இன்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. இடது கையில் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசையும். சோறு அம்மா ஊட்டுகிறாள். டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்து அவளே குடிப்பாள், அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "ராஜிக்கு இப்பம் தேவலையா?" என்றாள். அக்கா: "தேவல அத்தை. நாளைக்குப் பரதநாட்டியம் வச்சிருக்கேன், வந்துருங்க." அத்தை போய்விட்டாள். அம்மாவுக்கு வருத்தம். எனக்குச் சிரிப்பு.

மூன்று வருடத்துக்கு முன்னால், மழை ஏமாற்றிய வருடம் அது. எங்கள் மிளகாய்ச் செடி நின்ற இடத்திலேயே காய்ந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா விஸ்வநத்தம் பக்கம் போகிற கம்பெனி வேனில் ஏறினாள். பேன்சி ரகத்துக்கு மருந்து அடைக்கிற ரூம். பதினேழாம் ரூம். சிறிய ரூம்தான், ஆனால் நாலு பக்கமும் கதவு. எங்கே பற்றினாலும் அடுத்த பக்கம் ஓடலாம் என்பதற்காக அப்படிக் கட்டச் சொல்கிறது சட்டம்.

புரட்டாசி. தீபாவளி சீசன். குடோனில் இடம் இல்லை என்று ஒரு கதவை அடைத்து அட்டைப் பெட்டிகளைக் கதவு நிலையின் உச்சி வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கதவோரம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் முனீஸ்வரி, அக்காவின் கூட்டாளி. பற்றிக்கொண்டதும் அக்கா தன் பக்கத்துக் கதவால் வெளியே ஓடிவிட்டாள். முனீஸ்வரி பெட்டிகளை முட்டிக்கொண்டு நின்றாள். அக்கா திரும்ப உள்ளே போனது அவளை இழுக்க. கை போனது அப்போதுதான். முனீஸ்வரி போனதும் அப்போதுதான்.

விசாரணையில் முடிவு: முனீஸ்வரியின் கவனக்குறைவு. மதுரை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு அக்கா வந்தவன் போனவனிடமெல்லாம் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். ஆமாம்மா, ஆமாம்மா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆர்டரைப் பற்றி அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காற்று குறையவில்லை. மத்தியானம் கரண்ட் இல்லை.

அங்கேயிருந்து மேனேஜர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் சந்தனம். நான் யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஏன் மெனக்கெடப் போகிறார்.

அண்ணாச்சி: "வாங்க வாங்க. உக்காருங்க. மோர் சாப்புடுறீகளா, காப்பி சாப்புடுறீகளா?"

இரண்டும் சாப்பிட்டார்.

மேலேயிருந்து எடுத்த போட்டோ, பிளான் எல்லாம் கொண்டுவந்திருந்தார். ரூம்கள் தள்ளித் தள்ளித் தீப்பெட்டி போட்ட மாதிரி நிற்கின்றன. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் வெறும் தரை. அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கன மட்டும் மொட்டையா இருக்கு. ரெண்டு வேப்பமரம் போட்டுருங்க. பசுமையாத் தெரியும்."

"அந்த எடத்துல என்ன சார் இருந்துச்சு?" நான்தான் கேட்டேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

"பழைய ரூம் ஒண்ணு. ஒரு பொம்பள கவனமில்லாம மருந்தச் சிந்திட்டா, பத்திக்கிருச்சு. அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? மரத்த நல்லா அடர்த்தியாப் போடு."

அண்ணாச்சி ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு முகத்தைத் துடைத்தார்.

நிஜத்தில் அங்கே ஒரு செடிகூட இல்லை. போட்டோவிலேயே தெரிகிறது. நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்க்கக் கூட அவர்களுக்கு வலிக்கிறது. நான் காகிதத்தில் நட்டுத் தரவேண்டும்.

மரத்தை வரைந்தேன். நன்றாகவே வந்தது. எனக்கு மோசமாகச் செய்ய வராது. அதுவும் எரிச்சல்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பாதிப் பேர் லீவு. மதியச் சாப்பாடு பைண்டிங் செக்‌ஷனில், காதர் பாயோடு. அவர் கொண்டுவந்த பருப்புத் துவையல், என்னுடைய கத்திரிக்காய். காதர் பாய்தான் இங்கே பைண்டிங்குக்கு எல்லாம். காலண்டர் கட்டு அடுக்குவதில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. முழுப் பெயரை எழுதக் கை சோம்பல், இனிமேல் கா.பா.

டம்மி ரெடி. வெள்ளைத் தாளில், தேதி இல்லாமல். அதைத்தான் கடைசிவரை கிழித்து, சிற்பத்தை அவர்களுக்குக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

"தேதி அச்சடிச்ச கட்டையே ஒண்ணு கிழிச்சுப் பாத்துட்டா நல்லதுல்ல பாய்?" என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

"வராத நாளக் கிழிக்கிறதாவது. வேலைக்கு வந்து இம்புட்டு நாளாச்சு, ஒனக்கு யாரும் சொல்லலியா?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். தேதி அடித்துவிட்டால் அதற்கப்புறம் இந்த பிரஸ்ஸில் ஒருவரும் கிழிக்க மாட்டார்கள். அச்சு கோணிப்போன கட்டைக்கூட அப்படியே முழுசாகக் கட்டிங் மெஷினில் வைத்து வெட்டிக் கழிவில் போடுவார்கள். தாள் தாளாகக் கிழிக்கச் சொன்னால் ஆள் வேலையை விட்டுப் போய்விடுவான். அண்ணாச்சி இன்னும் மோசம். டம்மியைக் கிழிக்கும்போதுகூட எழுந்து வெளியே போய்விட்டார்.

சாப்பாட்டுத் தூக்கைக் கழுவும்போது மூளையில் ஒன்று ஓடியது.

அவர்கள் பார்க்கப்போவது டம்மி. தேதி போட்ட கட்டைத் திறந்து பார்க்கப்போவது யாரும் இல்லை. அந்தந்த நாள் வருகிறவரைக்கும் யாரும் இல்லை.

தூக்கை இரண்டு தடவை கழுவியிருக்கிறேன்.

ஜூலை 26, சனி

செய்துவிட்டேன்.

டம்மி ஃபைல் அப்படியே இருக்கிறது. தேதி ஃபைலில் மட்டும் மாற்றம். மரங்கள் உயரம் என்பதால் சித்திரை, வைகாசியிலேயே தலை தெரிய ஆரம்பிக்கும். வளர்ந்துகொண்டே வரும். பார்க்கிறவனுக்குச் சந்தோஷமாக இருக்கும். புரட்டாசியில் அந்தத் தேதி. (தேதியையும் எழுத மாட்டேன். எழுதாமலே தெரியும்.) அன்றைய தாளில் மட்டும் இரண்டு மரத்தின் அடியையும் லேசரில் வெட்டவில்லை. வெளித்தாளோடு சேர்த்தே விட்டிருக்கிறேன். கீழே பசையும் கிடையாது. ஆக, அன்றைய தேதியைக் கிழித்தால் இரண்டு மரமும் வேரோடு கையில் வந்துவிடும்.

அடியில் பதினேழாம் ரூம்.

கட்டைவிரல் நகம் அளவு. மூன்று பக்கம் கதவு திறந்திருக்கிறது. நாலாவது பக்கம் பெட்டி அடுக்கு, நிலை வரைக்கும். அந்தப் பெட்டிகளை வெட்டத்தான் நேரம் பிடித்தது. ஒவ்வொன்றும் கடுகு.

வேலை முடித்து ஃபைலை மூடினேன். பயமில்லை. பயம் கொஞ்சம் உண்டு. வேலை போகும், அது நிச்சயம். அண்ணாச்சிக்குப் பெரிய பார்ட்டி ஒன்று போகும். அவர் எனக்குக் கெட்டவரில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது காரைக் கொடுத்து அனுப்பியவர். ஆனால் முனீஸ்வரியைக் கவனமில்லாதவள் என்று அந்த ஆள் சொன்னபோது அண்ணாச்சி முகத்தைத்தானே துடைத்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, "அப்படிச் சொல்லாதீக" என்று. அது கூட வரவில்லை.

நானும்தான் சொல்லவில்லை. "என்ன சார் இருந்துச்சு" என்று கேட்டேன், பெரிய வீராங்கனை.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். முன் சீட்டில் இரண்டு பேர்: "இந்த வருசம் ஆர்டர் எப்படி?" "வடக்கே மழை இல்லைன்னா தப்பிச்சோம்."

ஜூலை 29, செவ்வாய்

நேற்று ஆடிப்பூரம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர். ஜில்லாவுக்கே லீவு, எங்களுக்கு இல்லை. அதற்குக் கணக்காக இன்று பகல் முழுக்கத் தலைவலி.

டம்மிக்கு ஒப்புதல் ஆகிவிட்டது. மேனேஜர் உருட்டி உருட்டிப் பார்த்தார். கோயில் நல்லா இருக்கு, கேட் நல்லா இருக்கு. "அதவிட மரம்மா. நெசமா நிழல் விழுற மாதிரி இருக்கு. மொதலாளி அம்புட்டு சந்தோசப்பட்டாரு." எனக்கென்று லட்டுப் பெட்டி. கையில் கொடுத்துவிட்டார், எல்லோர் முன்னாலும்.

பஸ்ஸிலிருந்து வெளியே எறிந்துவிடலாம் என்றுதான் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மாள் பிள்ளையாருக்கு நேர்ந்ததா என்று கேட்டாள். எறிய முடியவில்லை. வீட்டில் அரிசி டின் பின்னால் தள்ளி வைத்தேன். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அம்மா எடுத்து அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் அங்கத்திய பெயர். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

அக்கா மென்று முடித்தாள்.

"நல்ல லட்டு. தீவாளி போனஸ் அன்னைக்கும் இதான் குடுப்பாக. எதுக்குக் குடுத்தாக உனக்கு?"

சொன்னேன். காலண்டர், ஃபேக்டரி, வேப்பமரம் எல்லாம். உள்ளே இருக்கிறதை மட்டும் சொல்லவில்லை. அது வேலை செய்யுமா என்று எனக்கே தெரியாது, சொல்லிவிட்டுச் சொதப்பினால் அவளை எப்படிப் பார்ப்பது.

"மரமா? அங்கன ஏதுடி மரம்?"

"போடச் சொன்னாக."

"எந்த எடத்துல?"

லட்டுப் பெட்டியை எடுத்து மூடினேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பம் நீ நட்டுட்ட. பதினேழு மேல நீ மரம் நட்டுட்ட." குரலை உயர்த்தவே இல்லை. "போ. கண்ணு முன்னால நிக்காத."

அம்மா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜூலை 31, வியாழன்

அக்கா பேசவில்லை. நேற்றும் இல்லை. தலை சீவப் போனால் அம்மாவைக் கூப்பிடுகிறாள்.

பிரஸ்ஸில் தேதி போட்ட கட்டுகளில் முதல் நாலைந்து தயார். கா.பா. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் அந்தப் புரட்டாசித் தாள், இன்னும் ஒட்டாத உதிரி ஒன்று.

"மத்த தாள்ல எல்லாம் உள்துண்டு விழுது. இதுல மட்டும் விழல. மெஷின் கோளாறுன்னு பாத்தேன். கோளாறு மாதிரி தெரியல."

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். முழுசாக. ரூம், கதவு, பெட்டி, முனீஸ்வரி.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணாச்சியிடம் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

"முனீஸ்வரி மாமியா எங்க தெருவுலதான் முறுக்கு விக்குது. மருமக கவனமில்லாதவன்னு சொல்லிட்டாகளேன்னு, முறுக்கு வாங்க வர்றவுக கிட்டெல்லாம் இன்னைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கு." தாளைக் கட்டோடு சேர்த்து வைத்தார். "இது நிக்காதும்மா."

"என்ன பாய்?"

"மேல்தாள் பசை ஓரத்துல ஒளுகி எறங்கும். எறங்கிக் கீழ்த்தாளப் பிடிச்சுக்கிரும். கிழிக்கும்போது மரம் அங்கனயே நின்னுக்கிட்டா, ஒன் ரூமு கடைசி வரைக்கும் வெளிய வராது."

அதை நான் யோசிக்கவே இல்லை. மரம் அப்படியே நின்றால் அவர்கள் கேட்டது அவர்களுக்குக் கிடைத்துவிடும், என் கையால். கிழித்துப் பார்க்காமல் தெரியாது. நீங்கள் கிழியுங்கள் பாய் என்றேன்.

"என்னால ஆகாது. நான் புள்ள குட்டிக்காரன்." கோபமில்லாமல்தான் சொன்னார்.

கட்டை என் மேசைக்குக் கொண்டுவந்தேன். ஜனவரி ஒன்று. நுனியைப் பிடித்தேன். பிடித்தபடியே இருந்தேன். இரண்டாம் வாரத்தில் அப்பா பிறந்த நாள், மாசியில் அம்மாவுக்கு மறுபடி கண் பரிசோதனை. ச்சீ. காகிதம். நானே கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்திய எண்கள். கிழிக்க முடியவில்லை. இந்த ஊர்க்காரிதானே நானும். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம்.

காலண்டர் கட்டை என் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

விடிந்ததும் கட்டை அக்கா முன்னால் வைத்தேன். அப்பா மிளகாய்க் காட்டுக்குப் போயிருந்தார். அம்மா மாரியம்மன் கோயிலில், கூழ் ஊற்றுகிற இடத்தில்.

"என்ன, மரத்தக் காட்ட வந்தியா?"

"மரத்துக்குக் கீழ ஒண்ணு வச்சிருக்கேன். கிழிச்சாத்தான் தெரியும். எனக்குக் கிழிக்க வரல."

"ஏன் வரல?"

"வராத நாளு."

அக்கா சிரித்தாள். மூன்று நாளுக்குப் பிறகு.

"எனக்கு அந்தக் கவலையெல்லாம் போயிருச்சு. இங்கன தள்ளு."

இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கட்டை இடுக்கிக்கொண்டாள். இடது கட்டைவிரலால் தாளின் ஓரத்தை நெம்பி, வலது மணிக்கட்டால் அமுக்கி, இழுத்தாள். முதல் தாள் கசங்கி வந்தது. இரண்டாவது பாதியில் நின்றது, பல்லால் இழுத்தாள். உதவப் போனேன், முழங்கையால் தள்ளினாள். அதற்கப்புறம் அவளுக்குப் பழக்கம் வந்துவிட்டது. பொங்கல் போனது. தைப்பூசம் போனது. தரையெல்லாம் தேதி.

தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கோயில் கோபுரம். மரத் தலைகள். "நல்லாத்தான் செஞ்சிருக்க, பாவி" என்றாள். சித்திரையில் ஒரு தரம் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். ஆடிப் பதினெட்டு வந்தபோது, "இதான அடுத்த வருசம் ஒன் முதலாளி சாமி கும்பிடுற நாளு" என்று சொல்லிக் கிழித்தாள்.

புரட்டாசி வந்தது. அந்தத் தேதிக்கு முந்தின நாளைக் கிழித்ததும் கை நின்றது. தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு குனிந்து, பல்லால் கவ்வி, தலையை மேலே தூக்கினாள்.

ஒரு மரம் தாளோடு வந்துவிட்டது. இன்னொன்று அப்படியே நின்றது. கா.பா. சொன்ன மாதிரியே. பசை இறங்கிப் பிடித்திருக்கிறது.

டிசம்பர் வரைக்கும் மிச்சத்தையும் கிழித்துத் தள்ளினாள். பாதி ரூம். பெட்டி அடுக்கிய கதவு வெளியே தெரிந்தது, மற்ற பாதி மரத்தடியில்.

அக்கா முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மூச்சுக்காற்றில் மரம் ஆடியது, விழவில்லை.

"பெட்டி வச்சிருக்க."

"ம்."

"நெல வரைக்கும் வச்சிருக்க." கட்டைவிரலால் அந்த இடத்தைத் தொட்டாள். "முனீசு இங்கன, இதுல முதுகச் சாச்சு உக்காந்திருப்பா. நடுவுல நடுவுல பெட்டிய முதுகால ஒரு இடி இடிப்பா. தள்ளி வைங்கய்யான்னு."

அழவில்லை. நான்தான்.

"என்ன இது, ஒரு மரம் நிக்குது?" என்று உடனே சண்டைக்கு வந்தாள். "அரையும் கொறையுமா செஞ்சுக்கிட்டுத் திரியாத. செஞ்சா முளுசாச் செய்யி. ஒன் வேல போகும்ல?"

"போகும்."

"போனா நீ எனக்குத் தல சீவிக்கிட்டு வீட்ல கெட. இளுக்காமச் சீவணும்."

கிழித்த தாளையெல்லாம் அள்ளி அடுப்புக்கடியில் திணித்தேன். அம்மா பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 2, சனி

வெயில். காற்று ஒரு நாள் ஓய்வெடுத்திருக்கிறது.

கா.பா.விடம் விஷயத்தைச் சொன்னேன். யார் கிழித்தது என்று கேட்டார். சொன்னேன்.  பிறகு சாக்பீஸை நுணுக்கித் துணியில் தொட்டு, மரத்தடி வருகிற இடத்தில் மட்டும் தடவிக் காட்டினார். பொடி இருந்தால் பசை பிடிக்காது. புதுக் கட்டு ஒன்றை அவரே அடுக்கினார். முதல் பிளாக், நாளைக்குச் சாமி முன்னால் வைக்கிறது. மற்ற கட்டுகளுக்கும் அப்படியே செய்யச் சொல்லிப் பைண்டிங் பெண்களுக்குச் செய்து காட்டினார். எதற்கு பாய் என்று ஒருத்தி கேட்டதற்கு, "டிசைன் அப்படி" என்றார்.

உதிரித் தாளில் அந்த ஒரு இடத்தை மட்டும் ஒட்டி இழுத்துப் பார்த்தோம். தேதி போடாத தாள்தான். இரண்டு மரமும் சத்தமில்லாமல் வந்தன. திரும்ப ஒட்டி இழுத்தோம். வந்தன.

நாளைக்கு: பச்சைப் புடவை, அயர்ன். அண்ணாச்சி வீட்டு அம்மாவுக்குப் பூ.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

பிரஸ் வாசலில் மாவிலை, மெஷினுக்கெல்லாம் சந்தனம். அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம், தினசரிக் காலண்டர் எல்லாம் வாழையிலையில் அடுக்கி, நடுவில் எங்கள் மேசைக் காலண்டர். நாலு மூலைக்கும் மஞ்சள், குங்குமம். சர்க்கரைப் பொங்கலில் முந்திரி அதிகம். கா.பா. சாமி கும்பிடுகிற நேரத்தில் வெளியே நின்று, சுண்டலுக்கு உள்ளே வந்தார், வருடாவருடம் போல.

அங்கத்திய முதலாளியே நேரில் வந்துவிட்டார், குடும்பத்தோடு. அவரை இத்தனை கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சாதாரண மனுஷன். செருப்பை வாசலிலேயே ஒழுங்காகக் கழற்றி வைத்தார். அது ஏனோ எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

அண்ணாச்சி பிளாக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அங்கத்திய முதலாளியின் மனைவி தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிறத இப்பமே பாக்கலாமா? கிழிச்சுக் காட்டச் சொல்லுங்களேன்" என்றார். முதலாளியும் நுனியில் கை வைத்துவிட்டார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க" என்று அண்ணாச்சி குறுக்கே வந்தார். "வராத நாள இங்க யாரும் கிழிக்கிறதில்ல. நல்ல நாளும் அதுவுமா வேண்டாம். டம்மி இருக்கு, அதப் பாருங்க."

கா.பா. டம்மியோடு வந்து நின்றார். எப்போது போய் எடுத்தாரோ. வெள்ளைக் காகிதத்தில் கோயில், கேட், இரண்டு வேப்பமரம். அந்த அம்மா மரத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"அதுவும் சரிதான்" என்றார் முதலாளி. "இது என் டேபிள்லதான் இருக்கும். ஜனவரி ஒண்ணுலருந்து ஒரு நாள் விடாம நானே என் கையால கிழிப்பேன். வேற யாரையும் தொட விட மாட்டேன்." பிறகு என்னிடம், "நீதான் செஞ்சதாம்மா? நல்லாருக்கணும்."

"கிழிங்க சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அக்கா கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பொங்கலைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், வரிசையாக. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அவரேவா கிழிப்பாராம்?"

"ஆமா. தினமும். யாரையும் தொட விட மாட்டாராம்."

அக்கா அம்மாவிடமிருந்து கைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணெயில் மினுங்கின.

"ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு அவருக்கு," என்றாள். "கிழிக்கட்டும்."